கணக்குக் கேட்பது கௌரவக் குறைவா?

'ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும் ஏமாற்றுகிறவனும் இருக்கத்தான் செய்வான்' என்று ஒரு வேதாந்தம் நம்மிடையே வெகு காலமாக உலவி வருகிறது. டெலிபோனில் வந்த மோசடிப் பேச்சை நம்பி யாரோ ஒருவர் பணத்தைப் பறிகொடுத்தார் என்று பத்திரிகையில் ஒரு செய்தி வந்துவிட்டால் போதும். டீக்கடையிலும் ரயில் பெட்டியிலும் இதை எடுத்து விடாதவர் இல்லை. சொல்லும்போது முகத்தில் ஒரு ஞானியின் சாந்தம் வேறு! கூடவே, "படிச்சவங்கதான் சார் ஏமாறுறாங்க" என்று ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பின் மீதுதான் எனக்குக் கோபம். அந்த வேதாந்தம் ஞானமல்ல. திருடனுக்காக ஆஜராகிற வக்கீலின் வாதம். வீட்டுக்காரன் அசந்து தூங்கினான், ஆகையால் திருட்டுப் போனது அவன் குற்றமே என்று தீர்ப்பெழுதிய நீதிபதியை நாம் பார்த்ததுண்டா? கன்னம் வைத்தவனை விட்டுவிட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கூண்டில் ஏற்றுகிற இந்த விசித்திர நியாயம், இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பொருளாதாரமோ, பாங்குத் தொழிலோ எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவன் எழுதியதை இன்னொருவன் எப்படி நம்புகிறான் என்பது என் தொழில். அந்த உரிமையில், மோசடிக்காரர்கள் அனுப்புகிற கடிதங்களை நான் கொஞ்சம் அக்கறையோடு படித்து வருகிறேன். 2022ஆம் ஆண்டில் ஏராளமான செல்போன்களுக்கு ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? சென்ற மாதத்து மின் கட்டணம் பதிவாகவில்லை. ஆகவே இன்றிரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே எங்கள் அதிகாரியோடு பேசவும் என்று ஒரு டெலிபோன் நம்பரும் கொடுத்திருந்தார்கள்.

மூன்றே வரி. அந்த மூன்று வரியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். 'நீ பணம் கட்டவில்லை' என்று அவன் எழுதவில்லை. 'பதிவாகவில்லை' என்றுதான் எழுதினான். கட்டாதவன் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பான். முந்திய வாரமே பணத்தைக் கட்டி, ரசீதையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறவன்தான், 'அடடா, கட்டினேனே!' என்று பதறி எழுந்து கண்ணாடியைத் தேடுவான். ஒன்பது மணி என்றிருந்தால் புரளி என்று தோன்றக்கூடும். ஒன்பதரை என்பதிலே ஒரு காரியாலயத்தின் வாசனை இருக்கிறது. அதுவும் இரவு ஒன்பதரை. எழுந்து போய் விசாரித்துவிட்டு வரலாமென்றால் மின்சார அலுவலகம் பூட்டியிருக்கிற நேரம்.

ஆகவே, இந்த வலையில் விழுகிறவன் முட்டாள் அல்லன். ஒழுங்காகப் பில் கட்டி, சர்க்கார் காகிதத்துக்கு மரியாதை கொடுத்து, அதிகாரியின் குரல் கேட்டால் எழுந்து நிற்கிற நல்ல பிரஜை. அவனுடைய அசட்டுத்தனம் அல்ல, அவனுடைய யோக்கியதைதான் அங்கே திருடனுக்குக் கைப்பிடியாகிறது.

போலீஸ் உடுப்பில் ஒருவன் செல்போன் திரையில் தோன்றி, "உன் பேரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது, நீ 'டிஜிட்டல் அரெஸ்'டில் இருக்கிறாய், அறையை விட்டு நகராதே" என்று மிரட்டுவதும் இதே ஜாதிதான். சட்டத்தில் அப்படியொரு கைது கிடையவே கிடையாது என்று 2024 அக்டோபர் 27ஆம் தேதி பிரதம மந்திரியே ரேடியோவில் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ஒரு தேசத்தின் பிரதம மந்திரி இதைச் சொல்ல வேண்டிய நிலைமை ஏன் வந்தது? உடுப்பைக் கண்டால் கேள்வி கேட்காமல் நடுங்குகிற ஜனங்களாக நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் வந்தது.

பழக்கியது யார் என்று கேட்கிறேன். கவுண்ட்டரில் நிற்கிறவனை நிமிர்ந்து பாராமல் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியவர்கள் யார்? 'தங்கள் கே.ஒய்.சி. விவரங்களைக் கொடுக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்' என்று நிஜ பாங்குக்காரனும் எழுதுகிறான், திருடனும் எழுதுகிறான். நடையில் வித்தியாசம் உண்டா? லிங்க்கை அழுத்தாதீர்கள் என்று காலையில் ஓர் எச்சரிக்கை வருகிறது. 'உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட கடன்' என்று ஒரு லிங்க்கோடு அதே பாங்கிலிருந்து மத்தியானம் இன்னொரு செய்தி வருகிறது. எஜமானும் கொள்ளைக்காரனும் ஒரே குரலில் அதட்டுகிற வீட்டில், வேலைக்காரன் குரல் மாறிக் கதவைத் திறந்துவிட்டால் தப்பு வேலைக்காரனுடையதா?

இப்போது இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். இது மோசடியல்ல, சட்டப்படி நடக்கிற சமாசாரம். ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவை யாரும் பேசுவதில்லை.

என் பாஸ் புத்தகத்தை ஒரு நாள் வரி வரியாகப் படித்தேன். 17 ரூபாய் 70 காசு என்று ஒரு பற்று. விசாரித்ததில், எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிய கூலி மூன்று மாதத்துக்குப் பதினைந்து ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2 ரூபாய் 70 காசு என்று தெரிந்தது. சரி, வேலைக்குக் கூலி, போகட்டும். அதற்குக் கீழே 436 ரூபாய் என்று இன்னொரு வரி. அது ஓர் ஆயுள் இன்ஷ்யூரன்ஸுக்கு வருஷச் சந்தாவாம். இரண்டு லட்ச ரூபாய்க்குப் பாதுகாப்புத் தருகிற சர்க்கார் திட்டம், நல்ல திட்டம்தான். ஆனால் விருப்பப்பட்டுச் சேருகிறவர்களுக்கென்று ஏற்பட்ட திட்டம். நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

பாங்குக்குப் போனேன். முதல் நாள், "மேனேஜர் லீவு" என்றார்கள். இரண்டாம் நாள், "எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போனபோது அங்கிருந்த இளைஞர், வருத்தமும் பரிகாசமும் கலந்த குரலில் சொன்னார்: "ஏன் சார், 436 ரூபாய்க்கா இத்தனை தடவை வர்றீங்க? ஆட்டோ செலவே அதுக்கு மேல ஆகியிருக்குமே!"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அதே சிரிப்பு, டீக்கடையில் கேட்ட அதே சிரிப்பு.

அந்தக் கணத்தில்தான் எனக்கு விஷயம் துலங்கிற்று. ஏமாந்தவனைப் பார்த்தும் சிரிக்கிறோம். ஏமாறாமல் இருப்பதற்காகக் கணக்குக் கேட்கிறவனைப் பார்த்தும் சிரிக்கிறோம். அப்படியானால் மனிதன் என்னதான் செய்யவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்? போனதைப் போகவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, 'சின்னத் தொகைதானே' என்று பெரிய மனுஷனாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும்; அதுதானே?

சின்னத் தொகை! ஒருவனிடம் 17 ரூபாய் 70 காசு சின்னத் தொகைதான். ஒரு கோடிப் பேரிடம் எடுத்தால் அது 17 கோடியே 70 லட்சம் ரூபாய். கொடுக்கிறவன் பக்கத்தில் சின்னதாகவும் வாங்குகிறவன் பக்கத்தில் பெரிதாகவும் இருக்கிற தொகைக்குத்தான் யாரும் கணக்குக் கேட்பதில்லை. இது பாங்கோடு நிற்கிற கதையும் அல்ல. நாம் கேட்காத பாட்டை அழைப்பு மணியாக வைத்துவிட்டுக் காசு பிடித்த டெலிபோன் கம்பெனிகள் இருந்தன. அதனால்தான் 2013இல், சந்தாதாரர் இரண்டு தடவை சம்மதம் சொன்ன பிறகே அத்தகைய சேவையைத் தொடங்கலாம் என்று டிராய் உத்தரவு போட்டது. ஓட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிற்று. 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டும் அது சரியென்றது. இணையக் கடைகள் நம்மைக் கேளாமல் கூடையில் ஒரு சாமானை நுழைப்பது, சந்தாவில் சேருவதற்கு ஒரு கதவும் விலகுவதற்கு ஒன்பது கதவும் வைப்பது முதலிய பதின்மூன்று தந்திரங்களைப் பேர் சொல்லித் தடுத்து, 2023 நவம்பரில் அதே ஆணையம் விதிகள் வெளியிட்டது. இவையெல்லாம் ஏன் வந்தன? எங்கோ சிலர், பிறர் சிரித்ததைப் பொருட்படுத்தாமல், சின்னத் தொகைக்குக் கணக்குக் கேட்டார்கள். அதனால் வந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருடனும் சின்னத் தொகையில்தான் ஆரம்பிக்கிறான். கார்டு நம்பர் ஒன்று அவன் கையில் கிடைத்துவிட்டால் எடுத்த எடுப்பில் ஐம்பதாயிரத்தில் கை வைக்க மாட்டான். ஒரு ரூபாயோ பத்து ரூபாயோ எடுத்து, கார்டு உயிரோடு இருக்கிறதா, சொந்தக்காரன் விழித்திருக்கிறானா என்று தட்டிப் பார்ப்பான். புரியாத பத்து ரூபாய்ப் பற்றைப் பார்த்தும் பாராமல் விடுகிறவன், 'வீட்டில் யாருமில்லை' என்று அவனுக்குப் பதில் சொல்லுகிறான்.

கணக்குப் பார்ப்பது கருமித்தனம் என்ற எண்ணம் நமக்கு எப்போது வந்ததோ தெரியவில்லை. நம் பாட்டிமார்களுக்கு அது இல்லை. தயிர்க்காரி வாசலில் ஊற்றிய ஒவ்வொரு படிக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு விழும். மாதக் கடைசியில் தயிர்க்காரியும் எண்ணுவாள், பாட்டியும் எண்ணுவாள். இருவருக்கும் அதில் அவமானமில்லை. மளிகைக் கடையின் பற்று நோட்டு, கடைக்காரரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் பெரியவர்கள். ஆற்றில் போடுகிறதே நஷ்டம்தான். அந்த நஷ்டத்துக்கும் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சுவரில் கோடு இழுத்தவர்களின் பேரப் பிள்ளைகள், பில்லைப் படித்துப் பார்த்தால் சர்வர் என்ன நினைப்பானோ என்று கூசுகிறோம்!

இந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு. எங்கள் தெருவில் அதை ஒருவர் கொடுத்தார்.

அவர் ரிடையரான தலைமை ஆசிரியர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்'தான். மனு எழுதுவதென்றாலும், பாரம் பூர்த்தி செய்வதென்றாலும் அவரிடம்தான் போவார்கள். நான் மேலே சொன்ன அந்த மின்சாரச் செய்தியைப் போன்ற ஒன்று அவருக்கு வந்தது. டெலிபோனில் பேசிய 'அதிகாரி' வெகு பணிவாகப் பேசி, பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பதிவைச் சரிசெய்து கொள்ளலாமென்று சொல்லி, அவருடைய செல்போன் திரை முழுவதையும் தனக்குக் காட்டுகிற ஒரு செயலியை இறக்கச் செய்துவிட்டான். கால் மணி நேரத்தில் 84,000 ரூபாய் போயிற்று.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஐந்து நாள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை, வெளியூரிலிருக்கும் மகனிடம் சொல்லவில்லை, பாங்குக்கும் போகவில்லை. ஆறாம் நாள் மாத்திரை வாங்கப் பணமெடுக்கக் கார்டைக் கொடுத்தபோதுதான் அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. "ஏன் சொல்லலே?" என்று நாங்கள் கேட்டதற்கு, "ஊருக்கே பாடம் சொன்னவன், இதைப் போய் எப்படி சார் சொல்றது?" என்றார்.

அந்தப் பணம் திரும்பவில்லை. திரும்பியிருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் உண்டு. 2021இல் மத்திய உள்துறை இதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்தது. அதன் டெலிபோன் எண் 1930. திருடிய பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முன்பின் தெரியாத யார் யாருடைய கணக்குகளிலோ மாறி மாறிப் பாய்ந்து, கடைசியில் ரொக்கமாகி மறைகிறது. மறைவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் வழியிலேயே நிறுத்திவைக்க முடியும். ஐந்து நாள் கழித்து எதை நிறுத்துவது?

சட்டமும் நாளை எண்ணித்தான் பேசுகிறது. 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் பாங்கு பிறப்பித்த உத்தரவைப் பாருங்கள். பாங்கின் குறையுமில்லாமல் வாடிக்கையாளரின் குறையுமில்லாமல் மூன்றாமவன் கைவரிசையால் பணம் போனால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவனுக்கு நஷ்டமே இல்லை என்றது. நாலிலிருந்து ஏழு நாளுக்குள் சொன்னால் அவன் தாங்க வேண்டிய நஷ்டத்துக்கு உச்சவரம்பு வைத்தது. வாடிக்கையாளரின் கவனக் குறைவாகவே இருந்தாலும், அவன் சொன்ன பிறகு போகிற பணத்துக்குப் பாங்குதான் பொறுப்பு என்றது. குற்றம் வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய சுமையைப் பாங்கின் தலையில் வைத்தது.

இந்த உத்தரவில் ஒவ்வொரு வரியும் 'சொன்னவனு'க்குத்தான் உதவுகிறது. சொல்ல விடாமல் தடுப்பது எது? நம்முடைய சிரிப்பு. டீக்கடையில் வேதாந்தம் பேசினவர் அந்தத் தலைமை ஆசிரியரின் காதில் விழும்படியாகத்தான் பேசினார். அவர் சிரித்த சிரிப்பு ஐந்து நாள் பூட்டாக ஒரு கிழவரின் வாயில் தொங்கிற்று. 84,000 ரூபாயை எடுத்தவன் ஒருவன். எடுத்ததைப் பத்திரமாகக் கொண்டுபோக அவகாசம் வாங்கிக் கொடுத்தவர்கள் நாம்.

'ஏமாந்தவன் முட்டாள்' என்கிற கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். டெலிபோனின் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறவன் யார்? வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று வந்த விளம்பரத்தை நம்பிப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடிக்குப் பயந்து மோசடி செய்கிறவனாகவும் அவன் இருக்கலாம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இப்படிக் கட்டாயத்தில் இந்த வேலை செய்ய வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொல்லிற்று. 2022இல் மியான்மரிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் நம் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். அவர்களும் ஒரு பொய்க் கடிதத்தை நம்பி ஏமாந்தவர்கள்தாம். அவர்களைப் பார்த்தும் சிரிப்போமா?

"விழிப்புணர்வுப் பிரசாரம் செய்துகொண்டுதானே இருக்கிறோம்" என்று பெரிய ஸ்தாபனங்கள் சொல்லும். செய்கிறார்கள், மறுக்கவில்லை. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், பணம் வாங்க வேண்டியதில்லை என்பது நல்ல பாடம். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கிற தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்று 2021 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்ததும் நல்ல காரியம். பாங்குகளின் இணைய முகவரி 'டாட் பாங்க் டாட் இன்' என்று முடியும்படி 2025 அக்டோபர் முடிவுக்குள் மாற்ற வேண்டுமென்று ரிசர்வ் பாங்கு சொன்னதும் நல்லதே. ஆனால் எச்சரித்துவிட்டோம், இனி உன் பாடு என்று கையைக் கழுவுகிற காரியத்துக்கு விழிப்புணர்வு என்று பேரிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் கேட்பது அதிகமில்லை. என் பாஸ் புத்தகத்தில் 'ஏ.எம்.சி.' என்றும் 'சி.எச்.ஜி.' என்றும் மந்திர எழுத்துக்களைப் பொறிக்காமல், 'இன்ன வேலைக்கு இவ்வளவு பிடித்தோம்' என்று தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். எங்களை மிரட்டி எழுதுவதை நிறுத்துங்கள். நீங்கள் மிரட்டாமலிருந்தால்தான், மிரட்டுகிறவன் திருடன் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நாற்காலி, அதில் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத ஒரு மனிதர், அவ்வளவுதான்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அவசரப்படுத்துகிற குரல் எதுவானாலும், அது போலீஸ் குரலானாலும் பாங்குக் குரலானாலும், டெலிபோனைக் கீழே வையுங்கள். அவன் கொடுத்த நம்பரை விட்டுவிட்டு, உங்கள் பாஸ் புத்தகத்திலோ கார்டின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கிற நம்பருக்கு நீங்களாகக் கூப்பிடுங்கள். நிஜமான அதிகாரி அந்தப் பத்து நிமிஷத்தில் ஓடிப்போய்விட மாட்டார். மாதம் ஒரு முறை பாஸ் புத்தகத்தை எடுத்து, புரியாத ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளோடு பாங்குக்குப் போங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு அந்த 436 ரூபாய் நாற்பது நாள் கழித்துக் கணக்கில் திரும்ப வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பாருங்கள். தணிக்கை அதிகாரியாக அல்ல, பிள்ளையாக. "அப்பா, எப்போதாவது தப்பு நடந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்; நான் சிரிக்க மாட்டேன்" என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லி வையுங்கள். அந்தத் தலைமை ஆசிரியருக்கு யாராவது முன்கூட்டி இதைச் சொல்லியிருந்தால், முதல் மணி நேரத்திலேயே அவர் வாயைத் திறந்திருப்பார்.